தேவையில்லாதது என்று யார் சொன்னது?

கூட்டிப் பெருக்கும் வேலை பெண்ணுடையது என்று நம் வீடுகள் என்றைக்கோ முடிவு செய்துவிட்டன. வாசல், அடுப்படி, பரண், பீரோ என்று நீளும் அந்தப் பட்டியலில் இப்போது புதிதாக ஓர் இடம் சேர்ந்திருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத இடம். கிளவுட் ஸ்டோரேஜ் என்று அதற்குப் பெயர். மேகம் என்று பெயர் வைத்தாலும் அங்கும் குப்பை சேர்கிறது, இடம் நிரம்புகிறது. நிரம்பியதும் அதைச் சுத்தம் செய்யும் வேலை, கேட்கவா வேண்டும், நம்மிடம்தான் வந்து சேர்கிறது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வசிக்கிறேன். கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால் எங்கள் தெருவில் இந்த வேலைக்கு என்னைத் தேடி வருகிறார்கள். "அக்கா, ஸ்டோரேஜ் ஃபுல்லுனு வந்துக்கிட்டே இருக்கு. மெயிலும் வர மாட்டேங்குது. தேவையில்லாததை எல்லாம் அழிச்சுக் குடுங்க." இந்தக் கடைசி வாக்கியத்தைப் பல வருடங்களாகக் கேட்டுவருகிறேன். கேட்கக் கேட்க, அது அத்தனை எளிய வாக்கியம் இல்லை என்று தோன்றுகிறது. தேவையில்லாதது எது? யாருக்குத் தேவையில்லாதது? அதைச் சொல்லும் உரிமை யாருக்கு? துடைப்பத்தை நம் கையில் கொடுத்தவர்கள், எது குப்பை என்று முடிவு செய்யும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்களா?

முதலில் இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். அது தெரியாமல் உரிமையைப் பற்றிப் பேச முடியாது.

எங்கள் ஊர் உதாரணத்திலேயே சொல்கிறேன். பால்கோவாக் கடையில் முன்னால் ஒரு தட்டில் கோவா இருக்கும். பின்கட்டில் அடுப்பின் மேல் பெரிய சட்டி இருக்கும். கேஷ் என்பது முன்னால் இருக்கும் தட்டு. ஒவ்வொரு தடவையும் உள்ளே போய் எடுத்து வராமல் இருக்க, செயலி தன் வசதிக்காக உங்கள் போனிலேயே ஒரு நகலை வைத்துக்கொள்கிறது. அதைக் காலி செய்தால் போனில் கொஞ்சம் இடம் கிடைக்கும். கிளவுடில் இடம் கிடைக்காது. எதுவும் தொலைந்தும் போகாது. அடுத்த முறை திறக்கும்போது தட்டு தானாக நிறையும். ஆனால் அதே திரையில் பக்கத்திலேயே 'கிளியர் டேட்டா' என்று இன்னொரு பொத்தான் இருக்கும். அது தட்டைக் கழுவுவது இல்லை. அந்தச் செயலி போனில் சேர்த்து வைத்ததையெல்லாம் துடைத்துவிடும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாததால் பல வருட வாட்ஸ்அப் உரையாடல்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

சட்டி கிளவுடில் இருக்கிறது. கூகுள் கணக்கு ஒன்றுக்கு இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றும் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2021 ஜூன் 1 வரை சற்றே தரம் குறைத்த படங்களை எவ்வளவு வேண்டுமானாலும் ஃபோட்டோஸில் போட்டுவைக்கலாம் என்று இருந்தது. அன்றோடு அந்தச் சலுகை முடிந்தது. 2024 முதல் ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்த 15 ஜிபிக்குள் கணக்கிடப்படுகிறது. இடம் நிறைந்தால் மெயில் வராது. இரண்டு வருடம் அப்படியே விட்டுவைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிக்கப்படலாம் என்கிறது விதி. ஃபோட்டோஸில் ஒரு படத்தை அழித்தால் அதோடு இணைந்த போனிலிருந்தும் அது போய்விடும். பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும். டிரைவ், ஜிமெயில் குப்பைத்தொட்டிகளில் 30 நாள். அதற்குள் திரும்ப எடுக்கலாம். அதற்குப் பிறகு இல்லை.

ஆக, கேஷைக் காலி செய்வது சுத்தம் செய்வது. கோப்பை அழிப்பது தீர்ப்பு எழுதுவது. இரண்டையும் 'கிளீன் பண்றது' என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

எதை அழிக்கலாம் என்று இயந்திரமே யோசனை சொல்லும். பெரிய வீடியோக்கள், மங்கலான படங்கள், ஸ்கிரீன்ஷாட்டுகள் என்று வகை பிரித்துத் தட்டில் வைத்து நீட்டும். அதற்குத் தெரிந்ததெல்லாம் அளவும் தெளிவும்தான். இந்த வகைகளை ஒரு பெண்ணின் வாழ்க்கையோடு வைத்துப் பாருங்கள். எங்கம்மாவின் போனில் மங்கலான படங்கள் என்று வந்தவற்றில் பாதி அவர் போட்ட கோலங்கள். விடியற்காலை இருட்டில், குனிந்த முதுகு நிமிர்வதற்குள் ஒற்றைக் கையால் எடுத்தவை. கோலம் அன்று மாலைக்குள் மிதிபட்டு அழிந்துவிடும். அந்த மங்கலான படம் ஒன்றுதான் மிச்சம்.

ஸ்கிரீன்ஷாட்டுகள் கதை இதைவிட முக்கியமானது. என் மதினியின் போனில் நூற்றுக்கணக்கில் இருந்தன. சீட்டுப் பணம் கட்டியது, நாத்தனார் கல்யாணத்துக்குக் கொடுத்தது, வீட்டுக்கடன் தவணைக்குத் தன் சம்பளத்திலிருந்து அனுப்பியது என்று எல்லாம் ஜிபே ரசீதுகள். "இந்தக் குப்பையெல்லாம் எதுக்கு?" என்று வீட்டில் கேட்டார்கள். அது குப்பை இல்லை. அந்த வீட்டை எழுப்பியதில் அவள் பங்கு எவ்வளவு என்பதற்கு இருக்கும் ஒரே கணக்குப் புத்தகம் அது. வீட்டுப் பத்திரத்தில் அவள் பெயர் கிடையாது.

மிரட்டல் மெசேஜ், வசவு, நள்ளிரவில் வரும் ஆபாசப் படம், மாப்பிள்ளை வீட்டார் கேட்ட நகையின் பட்டியல். இவற்றையெல்லாம் பெண்கள் எங்கே வைத்திருக்கிறார்கள்? ஸ்கிரீன்ஷாட்டாகத்தான். இயந்திரம் முதலில் அழிக்கச் சொல்லும் வகைக்குள்தான் பெண்களின் சாட்சியங்கள் ஒளிந்திருக்கின்றன. இதில் இயந்திரத்துக்கு எந்தச் சதியும் இல்லை. எதைத் தேவை என்று எண்ணுவது என்ற அளவுகோலை உருவாக்கியபோது இந்த வாழ்க்கைகள் யார் கண்முன்னும் இல்லை, அவ்வளவுதான். (சாட்சியம் பற்றி ஒரு வார்த்தை. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மூல மெசேஜ் போனிலேயே இருக்கட்டும். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்க, பாரதிய சாட்சிய அதிநியம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவை. மூலம் இருந்தால் அது சுலபம்.)

எது கழிவு என்று முடிவு செய்வதைப் பற்றி எங்கள் ஊருக்கு ஒரு பழைய கதை தெரியும். பெருமாளுக்குக் கட்டிய மாலையைக் கோதை தான் சூடிப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறாள். மாலையில் ஒரு முடியைப் பார்த்த பெரியாழ்வார் அதைத் தகாதது என்று ஒதுக்கிவிட்டுப் புது மாலை கட்டுகிறார். ஆனால் பெருமாளுக்கு வேண்டியிருந்ததோ ஒதுக்கிய அந்த மாலைதான். பக்தியாக இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர். எனக்கு இதில் பிடிபடுவது வேறு. பெரியாழ்வார் கெட்டவர் இல்லை. மகள்மேல் உயிரையே வைத்திருந்தவர். முறைப்படி முடிவெடுத்தார். ஒரு பெண்ணின் உடல் பட்டதால் அந்த மாலை கழிவாகிவிட்டது என்பதுதான் அந்த முறை. இன்று புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும், சித்திரையில் மதுரைக் கள்ளழகருக்கும் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஊர்வலமாகப் போகிறது. அன்பானவர்களே, முறையாக, நல்ல எண்ணத்தோடு நம் வாழ்க்கையின் தடயங்களைக் கழித்துவிட முடியும் என்பதையும் இந்தக் கதை சொல்கிறது. எல்லார் விஷயத்திலும் திருப்பிக் கேட்க ஒரு பெருமாள் வருவதில்லை.

வராததால்தான் சிலர் அந்த வேலையைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அம்பை என்ற பெயரில் எழுதும் சி.எஸ். லக்ஷ்மி, நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் சேர்ந்து 1988இல் மும்பையில் 'ஸ்பாரோ' என்ற பெண்கள் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். பெண்களின் குரல், புகைப்படம், வாய்மொழி வரலாறு, கடிதம் எல்லாம் அங்கே சேர்ந்தன. இவை வீடுகளில் பரணில் கிடந்து, வீடு மாற்றும்போது பழைய பேப்பர் கடைக்குப் போகும் பொருட்கள். காப்பகம் என்பது வேறொன்றும் இல்லை. வீடு 'தேவையில்லை' என்று சொன்னதை 'தேவை' என்று சொல்ல ஓர் இடம்.

அடுத்து, கணக்கு யாருடையது என்ற கேள்வி. டிரைவில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் 'ஓனர்' உண்டு. இடம் அவர் கணக்கில் கழியும். அவர் அழித்தால் எல்லாருக்கும் போய்விடும். பகிரப்பட்டவர் அழித்தால் அவர் பார்வையிலிருந்து மட்டும் மறையும். நம் சொத்துரிமையின் சுருக்கம்போல இருக்கிறது இல்லையா?

எங்கள் தெருவிலிருந்து ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி. போன் அவள் சம்பளத்தில் வாங்கியது. ஆனால் போனில் இருக்கும் கணக்கு அவள் அண்ணனுடையது. கடையில் போன் வாங்கிய அன்றே அவன் தன் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டான். இடம் நிறைந்தபோது அவன்தான் 'சுத்தம்' செய்தான். மில்லில் கூட வேலை பார்த்த தோழிகளோடு எடுத்த படங்கள் எல்லாம் போயின. அதில் சிலர் கல்யாணமாகி எங்கெங்கோ போய்விட்டவர்கள். "கூட நிக்கிற பிள்ளைங்க யாருன்னே எனக்குத் தெரியல, அதான் அழிச்சேன்" என்றானாம். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாதவர்கள் அவன் கணக்கில் தேவையில்லாதவர்கள். அவளுடைய இருபதுகளின் சாட்சிகள் அந்தத் தோழிகள்.

மடவார் என்றால் பெண்கள். எங்கள் இடத்தின் பெயரிலேயே பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் பெயரில் இருப்பது வேறு, கணக்கில் இருப்பது வேறு.

இதுவரை நான் சொன்னது வைத்துக்கொள்ளும் உரிமையைப் பற்றி. ஆனால் அழிக்க வேண்டும் என்று தவிக்கும் பெண்களிடம் போய், எல்லாவற்றையும் காப்பாற்று என்று சொல்ல முடியுமா?

பொள்ளாச்சியை நாம் மறந்திருக்க மாட்டோம். பெண்களை வதைத்து, அதை வீடியோ எடுத்து, அந்த வீடியோவைக் காட்டியே மிரட்டிய கும்பல் 2019 பிப்ரவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் அரசாணை ஒன்றிலேயே வெளியானது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அந்தப் பெண்களுக்கு உலகத்திலேயே மிக அழிய வேண்டிய கோப்பு எது? அந்த வீடியோக்கள். குற்றத்தை நிரூபிக்க உதவியது எது? அதே மாதிரியான மின்னணு ஆதாரங்கள். ஒரே கோப்பு ஒருவன் கையில் ஆயுதம், நீதிமன்றத்தில் சாட்சி. அப்படியானால் அறம் அந்தக் கோப்பில் இல்லை. அது யார் பிடியில் இருக்கிறது, யார் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இருக்கிறது, என்பதில் இருக்கிறது.

அதனால்தான் வைத்துக்கொள்ளும் உரிமையும் அழிக்கும் உரிமையும் இரண்டு உரிமைகள் இல்லை என்கிறேன். இரண்டும் ஒன்றே. என் வாழ்க்கையின் தடயங்கள் மீது எனக்கு இருக்கும் சொல். சூழ்நிலையைப் பொறுத்து அது 'இருக்கட்டும்' என்று வரும், அல்லது 'போகட்டும்' என்று வரும்.

சட்டம் இதைப் பாதி புரிந்துவைத்திருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. ஒரு பெண்ணின் படங்களை ஃபேஸ்புக்கில் போட்ட வழக்கில், 2020 நவம்பரில் ஒடிசா உயர் நீதிமன்றம் 'மறக்கப்படும் உரிமை' பற்றி விரிவாகப் பேசியது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம் தகவலை அழிக்கும்படி நிறுவனங்களிடம் கேட்க வழி செய்கிறது. ஆனால் அதே சட்டத்தில் ஒரு வரி உண்டு. தனிநபர் ஒருவர் சொந்தத் தேவைக்காகவோ வீட்டுத் தேவைக்காகவோ கையாளும் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. குடும்பப் படத்தை மெயிலில் அனுப்புகிறவரை எல்லாம் வழக்குக்கு இழுக்கக் கூடாது என்பது நியாயமான காரணம்தான். இருந்தாலும் அதன் விளைவைப் பாருங்கள். நிறுவனத்திடம் அழிக்கச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அண்ணன் கணக்கில், புருஷன் கணக்கில், முன்னாள் காதலன் கணக்கில் இருப்பதைப் பற்றி இந்தச் சட்டம் பேசாது. அந்தரங்கப் படத்தை அனுமதியின்றி எடுத்தால், பரப்பினால் தண்டிக்க வேறு சட்டங்கள் இருக்கின்றன. ஆனால் குடும்பத்துக்குள், அன்பின் பெயரால், யார் யாருடைய நினைவுக்குப் பொறுப்பு என்ற கேள்வி வரும்போது சட்டம் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது. வாசற்படியில் நிற்பது அதற்குப் புதிது இல்லை.

இன்னொரு பக்கத்திலிருந்தும் நம்மிடம் அழிக்கச் சொல்கிறார்கள். டேட்டா சென்டர்கள் மின்சாரத்தைக் குடிக்கின்றன, குளிர்விக்கத் தண்ணீரைக் குடிக்கின்றன, ஆகவே பழைய மெயில்களை அழித்து பூமியைக் காப்பாற்றுங்கள் என்பது அந்த உபதேசம். 2025 ஆகஸ்டில் வறட்சியின்போது இங்கிலாந்தில் அரசுத் தரப்பிலிருந்தே இப்படி ஒரு அறிவுரை வந்தது. அதனால் மிச்சமாகும் தண்ணீர் மிகமிகச் சொற்பம் என்று விவரம் தெரிந்தவர்கள் உடனே கேலி செய்தார்கள். டேட்டா சென்டருக்குத் தண்ணீர் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கட்டடத்தை எங்கே கட்டுவது, எந்த நீரைக் கொடுப்பது என்று முடிவு செய்தவர்களை விட்டுவிட்டு, கோலத்தின் மங்கலான படத்தை வைத்திருக்கும் எங்கம்மாவைக் குற்றவாளி ஆக்குவது நமக்குப் பழக்கப்பட்ட தந்திரம். குடத்தோடு வரிசையில் நிற்கிறவளிடம்தான் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கச் சொல்வார்கள்.

அப்படியானால் எதையுமே அழிக்கக் கூடாதா? அழிக்கலாம், தாராளமாக. ரோஜாப்பூவில் எழுதிய குட் மார்னிங்குகளும், ஆறு குரூப்பில் ஆறு தடவை வந்த அதே ஜோக்கும் நினைவுகள் இல்லை. எல்லாவற்றையும் வைத்திருப்பது காப்பாற்றுவது ஆகாது. எதையும் தேட முடியாதபடி புதைப்பது அது. மறக்க விரும்புவதும் ஒரு தேவைதான். பிரிந்து வந்த ஒரு பெண் தன் கல்யாண ஆல்பத்தை அழித்துத் தரச் சொன்னாள். "பிள்ளைக்கு நாளைக்கு அப்பா முகம் வேண்டாமா?" என்று அவள் பெரியம்மா தடுத்தார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பிள்ளைக்கான படங்களைத் தனியாக ஒரு பென்டிரைவில் எடுத்துப் பெரியம்மாவிடம் கொடுத்தோம். மீதியை அவளே தன் கையால் அழித்தாள், குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள். அறுபது நாள் காத்திருக்க அவளுக்கு விருப்பம் இல்லை.

அந்த வேலையில் எனக்கு ஒரு வழி தெரிந்தது. அழிப்பதற்கு முன்னால், இதில் யார் முகம் இருக்கிறது, யார் குரல் இருக்கிறது என்று பார்ப்பது. அது என்னுடையது மட்டும் என்றால் முடிவு என்னுடையது. இன்னொருத்தருக்கும் பங்கு உண்டென்றால் அவர் பங்கைக் கொடுத்துவிட்டு அழிப்பது. அவர் அதை வேண்டாம் என்றால் அதுவும் அவர் முடிவு. அளவையும் தெளிவையும் வைத்து இயந்திரம் தேர்ந்தெடுக்கும் பட்டியலை ஒரே தட்டில் 'செலக்ட் ஆல்' போடுவதைவிட இது நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும். ஒருவருடைய வாழ்க்கையைக் கழித்துக் கட்டுவதற்கு நேரம் பிடிப்பது நல்லதுதான்.

இப்போது யாராவது போனை நீட்டி "தேவையில்லாததை அழிச்சுக் குடுங்க" என்றால் நான் அழித்துக் கொடுப்பதில்லை. பக்கத்தில் உட்காரவைத்து அவர்களையே செய்யச் சொல்கிறேன். கணக்கு யார் பெயரில் இருக்கிறது, பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும், கணக்கை மீட்கும் எண் யாருடையது என்று முதலில் பார்க்கிறோம். அவர்கள் பெயரில் கணக்கு இல்லை என்றால், ஒரு கோப்பையும் தொடுவதற்கு முன் அவர்கள் பெயரில் ஒன்று தொடங்குகிறோம். மில்லுக்குப் போகும் அந்தப் பெண்ணுக்கும் தொடங்கினோம். போன படங்கள் போனவைதான். தோழிகளுக்குப் போன் போட்டு, இருப்பவற்றை அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இதுவரை பதினொரு படங்கள் வந்திருக்கின்றன. அதில் நான்கு மங்கலானவை. அவற்றைத்தான் முதலில் தன் கணக்கில் ஏற்றினாள்.